இருபத்தாறாம் இடம்

கிளைபெதா துறைமுகத்தில் பிப்ரவரி.
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே லிஃப்ட் நின்று
இரண்டு நாளாகிறது.
பீட்ரூட் பையோடு படியேறுகிறேன், பதினாலாம் மாடிக்கு.

முதல் தளத்துச் சுவரில் சுண்ணக்கட்டியால் ஒரு 3.
இரண்டில் 6. மூன்றில் சுழி.
மீட்டர் பார்க்க வந்தவன் கிறுக்கியது என்று விட்டுவிட்டேன்.
நாலில் 8, ஐந்தில் 5, ஆறில் 2.
ஏழில் இன்னொரு 8.
அங்கே மூச்சு வாங்க நின்றபோது
பாதி திறந்த கதவிடுக்கில் இரண்டு பூட்ஸ்,
பூட்ஸுக்கு மேலே லிஃப்ட்காரி தங்குவோலே.
(அவர்கள் மொழியில் அந்தப் பெயருக்குள் வானம் இருக்கிறது.
அவளுக்கு வாய்த்ததோ இருட்டுக் குழாய்.)

"கீழிருந்து சேர்த்துப் படியுங்கள்" என்றாள், முகம் காட்டாமல்.
"முப்பத்தாறு லட்சத்து எட்டாயிரத்து ஐந்நூற்று இருபத்தெட்டு.
ஏழு மாடி ஏறியிருக்கிறீர்கள், ஏழால் வகுங்கள்."

கையுறையைக் கழற்றி
மின்கட்டண ரசீதின் முதுகில் போட்டுப் பார்த்தேன்.
மிச்சமில்லை.
ஆறு மாடி எண் ஆறுக்கு அடங்கியது,
ஐந்து மாடி எண் ஐந்துக்கு.
எட்டுக்கு ஏறினேன், ஒன்பதுக்கு, பத்துக்கு.
எந்தப் படியில் நின்றாலும்
அதுவரை வந்த எண்
அந்த மாடிக்குக் கடன் வைக்கவில்லை.

பதினொன்றில் சுவர் ஈரம்.
ரௌதோனியெனே அம்மாள் வாளியும் துணியுமாக நின்றாள்.
"யார் வீட்டுப் பிள்ளை கிறுக்குகிறது?"
துடைத்தது எந்த இலக்கம் என்று கேட்டேன்.
அழுக்குக்கு இலக்கம் உண்டா என்றாள்.

படியில் உட்கார்ந்தேன். பீட்ரூட் ஒன்று உருண்டு
ஒன்பதாம் மாடிவரை போனது. போகட்டும்.
துடைத்த இடத்தில் சுழியை வைத்துக்கொண்டு
மூவாயிரத்து அறுநூற்றெட்டுக் கோடியே
ஐம்பத்திரண்டு லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு.
பதினொன்றால் வகுத்தால் மிச்சம் எட்டு.
எட்டுக்கு இன்னும் மூன்று வேண்டும்.
மூன்றேதான், வேறெதுவும் அங்கே நிற்காது.
பேனாவால் எழுதினேன். அம்மாள் முறைத்தாள்.

பதினாலில் என் கதவு, கதவருகே 4.
சாவியை எடுத்தவன் பையை மட்டும் சாத்திவிட்டு
மேலே போனேன்.
பதினைந்தில் சுழி, பதினாறில் சுழி,
இரண்டு மாடியும் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கின்றன,
அது தற்செயல்.
ஏழு, எட்டு, ஆறு, சுழி, மூன்று, ஆறு, ஏழு, இரண்டு.
இருபத்தைந்தில் 5.
அதற்கு மேல் மொட்டைமாடியின் இரும்புக் கதவு,
கதவுக்கு வெளியே பால்டிக் காற்று.
கதவில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

நெடுநேரம் கழித்து ஃபிளாஸ்க்கோடு வந்தாள்,
கன்னத்தில் கிரீஸ்.
"இவ்வளவு உயரம் வந்த எண் இது ஒன்றுதான்" என்றாள்.
"இருபத்தைந்து இலக்கத்தில் இதற்குக் கூடப்பிறந்தது கிடையாது."
அடுத்தது?
"இருபத்தாறாம் இடம் பதினாலைக் கேட்கிறது.
ஒன்பதுவரைதானே ஒரு கட்டத்தில் கொள்ளும்."

பதினாலையே வைத்தால் என்ன என்றேன்,
பதினாலாம் மாடிக்காரனின் ரோஷத்தில்.
தேநீரை மூடியில் ஊற்றிக்கொண்டே சொன்னாள்:
"நாலு இங்கே தங்கும். ஒன்று கீழே இறங்கி
ஐந்தை ஆறாக்கும்.
இருபத்தைந்தாம் வீட்டுக் கணக்கு கெட்டுப்போகும்."

கப்பல் ஒன்று ஊதியது.
ஏழு மாடி தெரிந்ததும்
எட்டாவது மாடி இருந்துதான் தீரும் என்று ஏறியவன் நான்.
இருபத்தைந்து முறை ஒத்துவந்தது
இருபத்தாறாம் முறைக்கு
ஒரு வாக்கும் கொடுத்திருக்கவில்லை.
எனக்கு அது கொஞ்சம் வருத்தம்.
அவளுக்கு இல்லை. மூடியை உதறி
கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

மாலையில் லிஃப்ட் ஓடியது.
உள்ளிருந்து பார்த்தால் சுவர் தெரியாது,
பொத்தான்கள்தான், ஒன்றிலிருந்து இருபத்தைந்து வரை.

சனிக்கிழமை ரௌதோனியெனே அம்மாள்
எல்லா மாடியையும் கழுவிவிட்டாள்.
பேனாவில் எழுதிய மூன்று மட்டும்
நீலமாகப் பரவி நிற்கிறது.
கடையில் சுண்ணக்கட்டி ஒரு பெட்டி வாங்கியிருக்கிறேன்,
பன்னிரண்டு கட்டி.
இரண்டிரண்டு மாடிக்கு ஒன்று என்றால்
ஒரு மாடி மிஞ்சும்.